போட்டோவுக்குப் பின்னால் இருந்த பெயர்

பால் சங்கங்களில் கொழுப்பு அளவைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளை எழுதியது தானே என்று மேலாளர் பிரகதீஸ்வரன் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தார். எழுதியவள் அவருக்குக் கீழே வேலை பார்த்த தாட்சாயிணி. மென்பொருளைத் திறந்தால் முதலில் வருவது அவள் பெயர்தான். அதை எப்படி அழிப்பது என்று அந்த மகானுக்குத் தெரியவில்லை. யாரையோ பிடித்து, மென்பொருளைத் தொடாமல், விண்டோஸில் மட்டும் அந்தப் பெயரை மறைத்தாற்போலத் தன் போட்டோ வந்து நிற்கும்படி செய்துகொண்டார்.

ஒருநாள் இருநூறு சங்கங்களும் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று உத்தரவு வந்தது.

"மூணு நாள்ல இது லினக்ஸ்ல ஓடணும். திரையில ஒரு எழுத்து மாறினாலும் உன் வேலை போச்சு!" என்றார் பிரகதீஸ்வரன்.

"ப்ரோகிராமுக்குள்ள எழுதியிருக்கிறது மட்டும் வந்தா போதுமா சார்?"

"பின்னே உன் வீட்டுச் சமையலையுமா கொண்டுவருவே? அது மட்டும் வந்தா போதும்!"

நான்காம் நாள் காலை, இருநூறு சங்கங்களுக்கும் அனுப்பியாகிவிட்டது. சங்கங்களின் கூட்டமைப்புத் தலைவர் முன்னால் பிரகதீஸ்வரன் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து மென்பொருளைத் திறந்தார். போட்டோவைக் காணோம். 'ஆக்கம்: தாட்சாயிணி' என்று கொட்டை எழுத்தில் வந்து நின்றது.

"யாருய்யா இந்தத் தாட்சாயிணி?" என்றார் தலைவர்.

"ஏதோ தப்பு நடந்துபோச்சுங்க. ஏய், உடனே மாத்து!"

தாட்சாயிணி கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஒரு எழுத்தை மாத்தினா என் வேலை போயிடுமே சார். எழுதினவர் நீங்கதானே, நீங்களே மாத்திடுங்க."

எல்லோரும் காத்திருந்தார்கள். பிரகதீஸ்வரன் வெகுநேரம் மௌஸைத் தேடினார். அது அவர் கையில்தான் இருந்தது.