வாய் மூடிய கலயம்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் பட்டப்பெயர்கள் நிறையவும் இருந்த ஒரு தேசத்தில், ராஜா ஒருவர் உப்பரிகையில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். அப்போது ஒரு மாட்டுவண்டி தன் பாட்டுக்கு அரண்மனை நந்தவனத்துக்குள் நுழைந்தது. வண்டிக்காரன் கள்ளுக் கலயத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே தூங்கினான். மாடுகள் ராணியின் மரிக்கொழுந்தை வேரோடு தின்றன.

அன்று மாலையே முரசு அறைந்தார்கள். ராஜ்யத்தில் எந்த வண்டியில் வாய் திறந்த கள்ளுக் கலயம் இருந்தாலும், வண்டியும் மாடும் அரண்மனைக்கு. கலயத்தின் வாயைக் களிமண்ணால் அடைத்து, அரக்கு முத்திரை வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

ஆணையை எழுதியவர் பிரதான மந்திரி உக்கிரசேனர். கள் வெள்ளையா கறுப்பா என்றுகூடத் தமக்குத் தெரியாது என்பார் அவர். சபையில் இருந்த மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அப்படி ஒரு சபை அது.

மூன்றாம் நாள் அகப்பட்டான் கொம்பையா. உப்பு ஏற்றி வந்தவன். சந்தை வாசலில் மாட்டை அவிழ்த்து வைக்கோல் போட்டுவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். வண்டிக்குள், வாயில் வெறும் தென்னம் பன்னாடை சொருகிய கள்ளுக் கலயம் ஒன்று இருந்தது. காவலர்கள் எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

கொம்பையா நேரே அரண்மனை விதூஷகர் சடையாண்டியின் வீட்டுக்கு ஓடினான். சடையாண்டிக்கு இருபத்திரண்டு வருஷமாக ராஜாவைச் சிரிக்க வைக்கிற வேலை. முழங்கால் வலியோடு மல்லாந்து கிடந்தார்.

"சாமி, அந்த ரெண்டு மாடு போச்சுன்னா நானும் எம் பொண்டாட்டி புள்ளையும் நுகத்தடியிலே கழுத்தை வைக்க வேண்டியதுதான்."

"கள் எதுக்குடா?"

"ஆப்ப மாவு புளிக்கன்னு சொல்லச் சொன்னாங்க சந்தையிலே. குடிக்கத்தான் சாமி. மூட்டையை இறக்கினப்புறம்."

"உண்மையைச் சொல்கிறவனை வைத்துக்கொண்டு அந்தச் சபைக்கு எப்படிப் போவது?" என்று முனகியபடி சடையாண்டி எழுந்து மேல்துண்டைத் தேடினார்.

சபா மண்டபம் தேர் வடிவத்தில் கட்டியது. பக்கத்துக்கு இரண்டு கல் சக்கரங்கள். முன்னால் பாய்கிற கல் குதிரைகள். நடுவே, ராஜாவின் எதிரில், சாட்சிப் பொருளாகக் கலயத்தை வைத்திருந்தார்கள். உச்சிவெயில் அதன்மேல் விழுந்தது. சடையாண்டி அனுமதி கேட்டுக்கொண்டு கலயத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மகாராஜா, இவன் வண்டி ஓட்டவில்லை. மாடு ஓரிடம், நுகத்தடி ஓரிடம். ஓடாத வண்டியில் கலயம் இருந்தால் என்ன, கட்டிலடியில் இருந்தால் என்ன?"

உக்கிரசேனர் காத்திருந்தவர்போல் எழுந்தார். ராஜா தம் ஆலோசனைகளுக்குக் கொட்டாவி விட்டுவிட்டு, சடையாண்டியின் தும்மலுக்குக்கூடச் சிரிப்பது அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"சக்கரம் உள்ளது வண்டி. ஓடினாலும் வண்டி, நின்றாலும் வண்டி. சபை இதைத் தீர்ப்பாகவே பதிவு செய்யட்டும். விதூஷகர் வழக்கில் தோற்றால் யானைக் கொட்டடிக்குச் சாணம் அள்ள அனுப்புங்கள், அரசே."

"அங்கே மத்தியானம் தூங்க விடுவார்களா?" என்று கேட்டார் சடையாண்டி.

ராஜா சிரித்தார். தீர்ப்பும் பதிவானது.

"நல்லது. நின்றாலும் வண்டி என்றால், நாம் இப்போது இருப்பது நான்கு சக்கரத் தேர். குதிரையும் பூட்டியிருக்கிறது. அதற்குள் வாய் திறந்த கள்ளுக் கலயம். ஆணைப்படி இந்த மண்டபம் பறிமுதல். பாவம், மகாராஜாவும் உள்ளே இருக்கிறார்."

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி அவசரமாகக் களிமண் கொண்டுவரச் சொன்னார். கலயத்தின் வாயை இறுக அடைத்து, மேலே அரக்கை ஊற்றி, தம் மோதிரத்தையே அழுத்தினார்.

"இப்போது குற்றமில்லை" என்றார்.

"இல்லவே இல்லை. இனி ஆணையை முழுக்க ஒருமுறை வாசித்துவிட்டால் நானும் தோல்வியை ஒப்புக்கொண்டு போய்ப் படுப்பேன். ராஜாவின் பட்டப்பெயர் ஒன்றையும் விடாமல் வாசியுங்கள். விட்டால் அது ராஜ அவமதிப்பு."

பட்டப்பெயர்கள் நாற்பத்தேழு. உக்கிரசேனர் ஓலையைப் பிரித்துக் கணீரென்று தொடங்கினார். "சமுத்திரம் கடந்த சிங்கம்..." ராஜா ஆற்றைக்கூடக் கடந்ததில்லை, நீர் என்றால் அவருக்குச் சளி பிடிக்கும்.

ஒன்பதாவது பட்டப்பெயரில் கலயம் 'புஸ்' என்றது.

சேனாபதி தம்மை யாரோ கூப்பிட்டதுபோல் எழுந்து தூணுக்குப் பின்னால் போனார். பன்னிரண்டாவதில் களிமண் விரிசல் விட்டது. ராஜகுரு அங்கவஸ்திரத்தைத் தலையோடு போர்த்திக்கொண்டு தியானத்தில் ஆழ்ந்தார். மந்திரியின் கண் ஓலையில்தான் இருந்தது. கால் மட்டும் பின்னால் நகர்ந்துகொண்டே போனது. இருபதாவதை அவர் கதவுக்கு வெளியிலிருந்து வாசித்தார்.

"சாமி, நகருங்க, போட்டுத் தாக்கிடும்!" என்று கத்தினான் கொம்பையா.

சடையாண்டிக்கும் தெரியும். ஆனால் எழுந்தால் முழங்கால் வலிக்கும்.

டமார்! அடைப்பு விட்டத்தில் போய் மோதியது. சடையாண்டியின் தலையிலிருந்து நுரை வழிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். கொம்பையாவைத் தவிர அவருக்கு முன்னால் ஈ காக்கைகூட இல்லை.

"பெரியோர்களே, கள்ளைக் கண்ணால் கண்டதில்லை என்கிறீர்கள். அது பொங்கும், மூச்சுவிட வழியில்லாமல் அடைத்தால் வெடிக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்?"

தூணுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"தெரியாது என்றால் ஏன் ஓடினீர்கள்? தெரியும் என்றால் ஏன் இப்படி ஓர் ஆணை எழுதினீர்கள்? கலயத்தை அடைத்தால் இவன் மண்டை உடையும், திறந்தால் மாடு போகும். இவன் எதைச் செய்யட்டும், மகாராஜா?"

சிம்மாசனம் காலியாக இருந்தது. அதன் முதுகுப்புறத்தில் வெண்கொற்றக் குடை மட்டும் கவிழ்ந்து கிடந்தது. குடை குலுங்கியது. உள்ளேயிருந்து அடக்க முடியாத சிரிப்பு வந்தது.

ராஜா கிரீடம் கோணலாக எழுந்து வந்தார். "விடடா அவன் மாட்டை! மந்திரி, அந்த ஓலையைக் கிழித்துப் போடும்!"

கொம்பையா கும்பிடக்கூட நிற்காமல் தொழுவத்துக்கு ஓடினான்.

"உனக்கு என்ன வேண்டும், சடையாண்டி? கேள்."

"நாலு நாளைக்கு உங்களைச் சிரிக்க வைக்கச் சொல்லாதீர்கள், மகாராஜா. களைத்துப் போய்விட்டேன்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் நீர் வர, தம் கழுத்து முத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். "இதைப்போல் ஒன்றை நீ சொல்லியதே இல்லையடா! நாளைக் காலை வந்து இன்னொரு தடவை சொல்லு!"

சடையாண்டி மாலையையும் கள் நுரையையும் சுமந்துகொண்டு, முழங்காலைப் பிடித்தபடி படியிறங்கினார்.