முதுகில் ஏறாத ஆசுகவி

கோவில்பட்டி டிடிபி சென்டருக்குள் தென்னவராயன் புயலாய் நுழைந்தார். நினைத்த மாத்திரத்தில் பாடுகிற புலவர் என்று, 'ஆசுகவி' பட்டத்தைத் தனக்குத்தானே சூட்டிக்கொண்டவர்.

"என் புத்தகத்தை மறுபடியும் நிராகரிச்சுட்டாங்களாமே! என்னம்மா வேலை பார்க்கிற?"

நிராகரித்தது, ஆர்டர் வர வர அச்சடித்து அனுப்பும் ஓர் இணைய நிறுவனம். "புத்தகம் ரொம்ப ஒல்லி ஐயா. அலமாரியில் அடுக்கினா வெளியே தெரியுமே, அந்த முதுகில் எழுத்து நிற்க இடமில்லை, பேரை எடுக்கச் சொல்றாங்க" என்றாள் டைப் அடிக்கும் பூங்கோதை.

"எடுக்கிறதா? அடுத்த மாசம் வெளியீட்டு விழா! முதுகில் 'ஆசுகவி தென்னவராயன்'னு மின்னணும். தடிமன் கூட்ட வெற்றுப் பக்கம் கூடாது, அடுத்தவன் எழுத்தும் கூடாது. முடியலைன்னா உன் வேலை போயிடும்!"

கடை முதலாளி பதறி எழுந்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பூங்கோதைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வழி இருக்கு ஐயா! இன்னும் நாற்பது கவிதை சேர்த்தா முதுகு தடிச்சிடும். நீங்கதான் ஆசுகவியாச்சே! இப்பவே சொல்லுங்க, அடிச்சிடுறேன்."

"சொல்லுங்க ஐயா, நாங்களும் கேட்கிறோம்!" கூட்டம் நெருங்கியது. ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்கவே ஆரம்பித்துவிட்டார்.

ஆசுகவி தொண்டையைச் செருமினார். "நிலவே..." என்றார். மின்விசிறியைப் பார்த்தார்.

"நிலவே அடிச்சாச்சு ஐயா. அடுத்து?"

அடுத்து ஒன்றும் வரவில்லை. வியர்வைதான் வந்தது.

"பேரை எடுத்துடும்மா" என்றார் மெல்ல.

எடுத்தாள். புத்தகம் உடனே தேறிவிட்டது!

விழா மேடையில் அவர் முழங்கினார்: "முதுகில் பேர் போட்டுக்கிறது தற்பெருமை. எனக்கு அது அறவே பிடிக்காது!"

முன்வரிசையில் பூங்கோதை எழுந்து கேட்டாள்: "அது சரி ஐயா, அந்த நிலவு என்ன ஆச்சு?"