கிடாவுக்குக் கட்டிய துணி

வைகாசி மாதத்தில் அந்தக் கண்மாய்க்குள் இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று நடுப்பள்ளத்தில் கொஞ்சமாகக் கிடக்கும் நிஜத் தண்ணீர், ஆடுகள் குடிப்பது. இன்னொன்று சுற்றிலும் தளதளவென்று ஓடும் கானல், மனிதர்கள் ஏமாறுவது. கரையோரத்துக் கல் மண்டபம் இந்த இரண்டாவது தண்ணீரில்தான் மிதக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மெல்ல நகர்ந்து போவது மாதிரி இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அந்த மண்டபத்தில் ஒரு பெண் இருந்தாள். வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது. எங்கிருந்து வந்தாள், ஏன் தனியாக இருக்கிறாள் என்று ஊர் ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டது. அப்புறம் மண்டபத்தம்மா என்று பெயர் வைத்துவிட்டு, தன் குழப்பங்களைக் கொண்டுவந்து அவளிடம் கொட்ட ஆரம்பித்தது. ஊருக்கு அதுதான் சௌகரியம்.

அவளுக்கு வாய்த்த ஒரே சீடன் சாத்தையா. நாற்பத்திரண்டு வயது. நூற்றிருபது பெட்டை ஆடுகளும் மூன்று கிடாக்களும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், உரத்துக்காக ராத்திரியில் ஆடுகளை வயல்களில் அடைத்துக் கிடை போடுகிற கீதாரி. கோடையில் இந்தப் பக்கம் வந்தால் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கி, ஒரு குடம் தண்ணீர் வைத்துவிட்டு அவள் முன்னால் உட்காருவான். அவன் அவளைத் தாயி என்பான். அவள் அவனை அண்ணே என்பாள். குரு சீடனை அண்ணே என்று கூப்பிட்டு நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அந்த வருடம் வந்தவன் குடத்தை நிரப்பாமல் வெறும் குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தான். அம்மா குடத்தையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள்.

அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். போன புரட்டாசியில் அவன் மனைவி முத்திருளாயிக்கு நாலாவது பிரசவம். குழந்தை நன்றாக இருந்தது, தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அன்றைக்கு அவன் எங்கோ கிடையில் இருந்தான், மறுநாள்தான் போய்ச் சேர்ந்தான். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இனி ஒரு பிள்ளை என்றால் இவள் உனக்கு மிஞ்ச மாட்டாள் என்று பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டாள். இவளுக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணலாமென்றால் உடம்பில் ரத்தம் போதாது, தேறட்டும் என்றார்கள். எட்டு மாதமாக அவள் தேறவில்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அவன் வீட்டுக்குப் போனால், பிள்ளையை நடுவில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். அவன் கை பட்டால் நடுங்குகிறாள்.

"அவ பயத்தைப் போக்க ஒரு பிடி திருநீறு குடுங்க தாயி."

வேறு வழி யாரும் சொல்லவில்லையா என்று அம்மா கேட்டாள்.

சாத்தையா காலடி மண்ணைக் கிளறினான். நர்ஸம்மா இரண்டு தடவை கிடைக்கே வந்தாளாம். அந்த ஆபரேஷனை ஆம்பளைக்குப் பண்ணிவிடலாம், கால் மணி நேர வேலை, தையல்கூடக் கிடையாது, இரண்டு நாள் கனம் தூக்காமல் இருந்தால் போதும் என்றாளாம். ஆனால் இதை முதல் தடவை கேட்டதோடு சரி. இரண்டாம் தடவை வரப்பில் அவள் ஸ்கூட்டர் தெரிந்ததுமே கூடக் கிடை போட்டிருந்த கீதாரிகள் நாலா பக்கமும் சிதறிவிட்டார்கள். ஆடுகள் மட்டும் நின்ற இடத்தில் நின்றன. சாத்தையா ஒரு கருவேல மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். கருவேல மரம் ஒரு ஆளை மறைக்குமா என்று அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

காரணமும் வைத்திருந்தான். இடுப்பு விட்டுப்போகும். கிடையடைக்கிற மூங்கில் படலைத் தூக்க முடியாது. மற்ற கீதாரிகள் சிரிப்பார்கள்.

அம்மா திருநீறு தரவில்லை. நாளைக்குக் கிடைக்கு வருகிறேன் என்றாள்.

மறுநாள் காலையில் அவள் கண்மாய்க் கரையோரத்துக் கிடைக்குப் போனபோது கிடாக்களுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கீதாரிகள் கொம்பைப் பிடித்துக்கொள்ள, சாத்தையா வயிற்றுக்கடியில் சாக்குத் துணியைக் கொடுத்து முதுகின்மேல் இழுத்து முடிச்சுப் போட்டான். துணி முன்னால் தொங்கி மறைத்துக்கொண்டது. பெட்டை மேல் ஏறினாலும் இனி ஒன்றும் ஆகாது.

எதற்கு என்று அம்மா கேட்டாள். அவன் முகம் மலர்ந்தது. தெரிந்த வேலையைப் பற்றிக் கேட்டால் யாருக்குத்தான் மலராது? இப்போது சேர்ந்தால் ஐப்பசி அடைமழையில் ஈனும், குட்டி விறைத்துச் செத்துப்போகும், சில சமயம் தாயும் கூடவே போகும். ஆவணியில் அவிழ்த்துவிட்டால் தையில் ஈனும், அறுத்த வயலில் மேய்ச்சலும் இருக்கும். இதெல்லாம் பார்க்காதவன் ஆடு வளர்க்கவே லாயக்கில்லை என்றான்.

"துணி கட்டினா கிடா சோந்து போகாதா அண்ணே?"

"சோர்வா? கிட்டப் போய்ப் பாருங்க, முட்டித் தள்ளிரும்."

"மத்தது பாத்துச் சிரிக்காதா?"

மூன்று கீதாரிகளும் சிரித்தார்கள். ஆடு எங்கேயாவது சிரிக்குமா என்று சாத்தையா கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அம்மாவும் சிரித்தாள். அப்புறம் உச்சி வெயில் ஏறியது. மற்ற இருவரும் ஊருக்குள் சோறு வாங்கப் போனார்கள். கொஞ்ச நேரம் படுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் அம்மா. சாத்தையா மர நிழலில் துண்டை விரித்துத் தலையைச் சாய்த்தான்.

கண் மூடியதா மூடவில்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. கானல் கரையேறி அவன் காலடிவரை வந்திருந்தது. ஆடுகள் அதற்குள் முழங்கால் அளவில் நின்றன. நடுவே முத்திருளாயி நடந்து வந்தாள். இடுப்பில் பிள்ளை இருந்தது. சேலை நனையவில்லை. அவள் நின்று, அவனைப் பார்த்து ஏதோ கேட்டாள். உதடு அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. என்ன என்று இவன் கத்தினான். இவன் சத்தமும் வரவில்லை. அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை. திரும்பிக் கானலுக்குள் நடந்தாள். நடக்க நடக்கத் தண்ணீர் அவள் இடுப்புக்கு ஏறியது, பிள்ளையின் காலைத் தொட்டது.

சாத்தையா எழுந்து உட்கார்ந்தான். எதிரே ஆடுகள் இன்னும் கானலுக்குள்தான் நின்றன. ஆனால் சில ஆடுகள் துணி கட்டியிருந்தன. சிவப்பு, பச்சை, பூப் போட்டது என்று அவன் மூட்டையிலிருந்த பழந்துணியெல்லாம் ஆடுகளின் முதுகில் இருந்தது. கனவு இன்னும் முடியவில்லையாக்கும் என்று அவன் கண்ணைக் கசக்கினான். கிடாக்களின் சாக்குத் துணி மூன்றும் வரப்பில் மடித்து வைத்திருந்தது. பெட்டைகளுக்கு நடுவே மண்டபத்தம்மா குனிந்து ஒரு செவலை ஆட்டுக்குத் துணியை முடிந்துகொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் அந்தச் செவலையைப் பிடித்ததுதான் அவனால் தாங்க முடியவில்லை. போன வருடம் யாருடைய கிடாவோ ஏறிவிட, அது அடைமழையில் செத்த குட்டி ஈன்றது. மூன்று நாள் ரத்தம் போனது. சாத்தையா அதைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு ஊர் தாண்டி மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினான். அங்கேயே சாக்கை விரித்து அதன் பக்கத்தில் மூன்று நாள் கிடந்தான். அந்தச் செவலை இப்போது கால் பின்ன, துணி தடுக்க, தண்ணீருக்குப் போக முடியாமல் தள்ளாடியது. பெரிய கிடா அதைப் பார்த்துவிட்டு மூக்கை உயர்த்தி வந்துகொண்டிருந்தது. செவலை நடுங்கியது.

அவன் ஓடிப்போய்க் கிடாவின் கொம்பைப் பிடித்தான். அது அவனை நாலு அடி இழுத்துப் போயிற்று. முட்டியில் தோல் உரிந்தது. ஒருவழியாகத் துணியைக் கட்டி முடித்துவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றான். குரு என்பதெல்லாம் அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"என்ன தாயி பண்ணி வச்சிருக்கீங்க? இதுவே செத்துப் பிழைச்ச ஆடு. இது மேல போய் ஏன் கட்டுறீங்க?"

"பயப்படுதே அண்ணே. கட்டினா பயம் போகும்னு நெனச்சேன்."

"கிடா சும்மா திரிஞ்சா இதுக்கு எப்படிப் பயம் போகும்? மூணு கிடாவைக் கட்டினா அம்புட்டு ஆடும் நிம்மதியா மேயும். வாயில்லாச் சீவன் தாயி. அதுவா வந்து நம்மகிட்டச் சொல்லும்? நாமதான் பாத்துச் செய்யணும்."

சரி என்றாள் அம்மா. மறுபேச்சுப் பேசாமல் செவலையின் துணியை அவிழ்த்தாள். இருவருமாக மற்ற ஆடுகளின் துணியையும் அவிழ்த்தார்கள், மீதி இரண்டு கிடாக்களையும் கட்டினார்கள். செவலை பள்ளத்துக்குப் போய் நின்று நிதானமாகத் தண்ணீர் குடித்தது. அது குடித்து முடித்ததும் அம்மா கேட்டாள்.

"வீட்டுல இருக்கறவளுக்கு வாய் இருக்கு அண்ணே. அவ என்ன சொன்னா?"

சாத்தையா கானலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஊருக்குள் போனவர்கள் தூரத்தில் திரும்பி வருவது தெரிந்தது, அவர்களும் தண்ணீரில் நடந்து வருகிற மாதிரிதான் தெரிந்தது.

"கேட்டா தாயி," என்றான் கடைசியில். "ஆஸ்பத்திரியிலருந்து வந்த பத்தாம் நாள். சோத்தைப் போட்டுட்டு நின்னா. எனக்காக நீங்க போய் ஆபரேஷன் பண்ணிட்டு வர்றீங்களான்னா. ஒரே ஒரு தடவைதான் கேட்டா."

"நீங்க?"

"பாதிச் சோத்துல கையைக் கழுவிட்டுக் கிடைக்கு வந்துட்டேன்."

சொன்னதும் அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கம் வந்தால் சிலருக்குக் கோபமும் சேர்ந்து வரும். ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற துரட்டிக் கம்பை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான்.

"அதுக்காக, கிடாவும் நானும் ஒண்ணா தாயி?"

"ஒண்ணில்ல அண்ணே. கிடாவை யாரும் கேக்கல, கொம்பைப் பிடிச்சுக் கட்டினோம். உங்களை அவ கேட்டா."

சாத்தையா துரட்டியை அவள் கையில் கொடுத்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எதிரே வந்த கீதாரிகள் எங்கே என்று கேட்டதற்கும் நிற்காமல், வீட்டுக்குப் போகிற பாதையில் இறங்கி நடந்தான்.