உச்சிக்குடிக்கு வந்த விருந்தாளி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் அது மலை உச்சியில் இருக்கிறது. அடிவாரத்தில் நின்றுகொண்டு "எங்கே, எங்கே?" என்றால் கிடைக்காது. மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை, ஏறி வாருங்கள்.

அந்தக் காலத்தில், ராஜாக்கள் எல்லாம் கோட்டை கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். மிருகம், பறவை, மனுசர் மூன்றுக்கும் ஒரே பேச்சு. அப்போது மலை உச்சியில் உச்சிக்குடி என்று ஒரு குட்டி ஊர் இருந்தது. அடடா, அது ஊரா! பாறையில் தேனடை ஒட்டியிருக்கிற மாதிரி கல் வீடுகள். கீழ்வீட்டுப் புல்லுக் கூரை எங்கே முடிகிறதோ அங்கே மேல்வீட்டு வாசல் ஆரம்பிக்கும். மேல்வீட்டுக்காரி கைதவறிப் பானையை விட்டால் கீழ்வீட்டில் அன்றைக்குச் சமையல் வேலை மிச்சம். சரிவெல்லாம் படி வெட்டிச் சாமை விதைத்திருந்தார்கள். வழுக்குப் பாறையைக்கூடச் சும்மா விடாமல் அதன்மேல் தினை காயப்போட்டிருந்தார்கள். ஊரைச் சுற்றி ஒரு கல் மதில், அதில் ஒரே ஒரு கதவு. மேகம் வந்தாலும் அந்த வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வரும் என்று ஊர்க்காரர்கள் பீற்றிக்கொள்வார்கள். பார்த்தவர்கள் நம்பினார்கள். அப்படி ஒரு ஊர்.

சிரிப்பா? பொறுங்கள். முதலில் புலி வரட்டும்.

காட்டில் வரியன் என்று ஒரு புலி இருந்தான். உச்சிக்குடியைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒருநாள் மத்தியானம் மூங்கில் புதர் வழியாக யாருக்கும் தெரியாமல் மேலே ஏறினான். அவன் திட்டம் எளிமையானது. ஊரில் ஆள் குறைவாக இருந்தால் மதிலைத் தாண்டிக் குதித்துக் கிடைத்ததைத் தின்பது. ஆள் நிறைய இருந்தால், "சும்மா ஊர் பார்க்க வந்தேங்க" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவது.

அன்றைக்குப் பார்த்து ஊரில் ஆளே இல்லை. எண்ணெய் ஆட்டுகிற புதுக் கல்செக்கு அடிவாரத்தில் வந்து இறங்கியிருந்தது. அதைக் கயிறு கட்டி மேலே இழுக்க ஊர் மொத்தமும் கீழே போயிருந்தது. மிஞ்சியவள் சடைச்சி மட்டும்தான். பிள்ளை பெற்று இன்னும் உடம்பு தேறவில்லை. மடியில் பச்சைக் குழந்தை, எழுந்து ஓடவும் முடியாது.

அப்புறம், வாசல் பலாமரத்தில் ஒரு மைனா. சாதாரண மைனா இல்லை, மலைமைனா. ஒருத்தர் ஒருதரம் தும்மினால் போதும், மறுநாள் அவரைவிட நன்றாக அவர் தும்மலைத் தும்மும். பெண்டாட்டி குரலில் "சோறு ஆறுது!" என்று கூப்பிட்டு, உழுதுகொண்டிருக்கிற புருசன்களை வீட்டுக்கு ஓடிவர வைப்பது அதற்குப் பொழுதுபோக்கு. திட்டாதவர்கள் ஊரில் இல்லை. ரசிக்காதவர்களும் இல்லை.

மைனாதான் முதலில் வரியனைப் பார்த்தது. பறந்துபோய்ச் சடைச்சியின் தோளில் உட்கார்ந்தது.

"புலி வந்திருக்கு, சடைச்சி."

"கதவு சாத்தியிருக்கில்ல?"

"கதவு எதுக்கு? அந்த மதில் அவனுக்கு ஒரு குதி. உள்ள கூட்டம் இருக்குன்னு நெனச்சாத்தான் போவான். நான் பாத்துக்கறேன். நீ வாயத் தெறக்காத. உன் குரல் நடுங்குது, கேட்டா கண்டுபிடிச்சிடுவான்."

சடைச்சி குழந்தையை மார்போடு அணைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள்.

வெளியே வரியன் தொண்டையைத் தேனாக்கிக்கொண்டு கேட்டான்: "ஊரில் ஆள் உண்டாங்க?"

"க்ர்ர்ஹும்!" ஊர் மூப்பன் செங்கானுக்கு நெஞ்சில் எப்போதும் சளி. பேசுமுன் அதை ஒருதரம் உருட்டுவார். மைனா அதையும் உருட்டியது. "யாரப்பா அது? ஊர் நெறைய ஆள் இருக்கு. என்ன வேணும்?"

வரியன் காதை நிமிர்த்தினான். அடுத்து அதே அலகில் கொல்லன் வேடியப்பன் மூக்காலேயே பேசினான்: "மூப்பரே, கோடாலி அடிச்சாச்சு. நல்ல கூரு. எதுல வெட்டிப் பாக்கலாம்?" அதன்பின் டண், டண் என்று சம்மட்டி. அது நின்றதும் ஒரு பெண் குரல் கிளம்பியது. அது நல்லக்காள். அவளும் அவள் புருசன் கொம்பையனும் சண்டை போடாவிட்டால் அந்த ஊரில் பொழுது விடியாது.

"ஏ மனுசா! உலக்கைய எங்க போட்ட?"

"நான் எங்கடி போட்டேன்? நீதான் உன் தங்கச்சிக்குத் தூக்கிக் குடுத்த."

"என் தங்கச்சிய இழுக்காத. உங்க ஆத்தா ஆட்டுக்கல்லையே முழுங்கினவ!"

"எங்காத்தா முழுங்கினா, உங்கப்பன் குழவியத் தின்னு ஏப்பம் விட்டான்!"

வரியன் இப்போது திரும்பியிருக்க வேண்டும். கூட்டம் இருக்கிறது, கோடாலியும் இருக்கிறது. மைனா மதில் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது. புலி போகவில்லை. வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

"மூப்பரே," என்றான் வரியன். குரல் தழுதழுத்தது. "நான் எத்தனையோ ஊர் பாத்திருக்கேன். இப்படி ஒரு ஊர் பாத்ததில்லீங்க. அந்தம்மா திட்டி முடிக்கிற வரைக்கும் அவர் வாயே தெறக்கல. அவர் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்தம்மா காத்திருந்தாங்க. அவங்க பேசறப்ப கொல்லர் சம்மட்டியக்கூட நிறுத்திட்டாரு! என் வீட்டுக்காரி இருக்காளே, நான் வாயத் தெறக்கறதுக்குள்ள பதில் சொல்லி, நான் மூடறதுக்குள்ள அடுத்த சண்டைக்குப் போயிடுவா. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுட்டுப் போறேனே?"

இதற்குச் சிரித்துவிடாதீர்கள். சடைச்சி சிரிக்கவில்லை. அவள் கை வேர்த்துக் குழந்தை வழுக்கிக்கொண்டிருந்தது.

மைனாவுக்கு வேறு வழி இல்லை. ஊரை நடத்தியது. ஆடு கத்தியது. ஆட்டை ஒருத்தி அதட்டினாள். அவள் அதட்டி முடித்ததும் நாய் குரைத்தது. நாய் குரைத்து முடித்ததும் கதவு கிரீச்சிட்டது.

"மன்னிக்கணும்," என்று வரியன் இடையில் கேட்டான், "அந்த உலக்கை கெடச்சுதுங்களா?"

மைனா பெருமூச்சு விட்டது. கொம்பையன் குரலில், "இந்தா, கதவுக்குப் பின்னாலதான் இருக்கு," என்றது.

"அப்பாடா," என்றான் வரியன்.

அப்போதுதான் அது நடந்தது. "க்ர்ர்ஹும், வழிப்போக்கரே, பொழுது சாயுது, நீங்க..." என்று மூப்பன் பேசிக்கொண்டிருக்கும்போதே, சடைச்சியின் குழந்தை 'ங்ஆ' என்று வீறிட்டது. நிஜக் குழந்தை, நிஜ அழுகை. மைனா திடுக்கிட்டு நிறுத்திவிட்டது. சடைச்சி சட்டென்று குழந்தையை மாரில் சேர்த்தாள். குழந்தை பால் குடிக்கத் தொடங்கி அடங்கும்வரை ஊரில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை.

மதிலுக்கு வெளியே 'பொத்' என்று ஒரு ஓசை. வரியன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டிருந்தான்.

"பச்சப் புள்ள பேசினாக்கூட மூப்பர் நிறுத்தறாரே! இந்த ஊர் ஆட்டைத் தொட்டா என் நாக்கு அழுகிடும். நான் போறேங்க, சாமி. ஒரே ஒரு ஆசை. ஊர் மொத்தமும் சேந்து ஒருதரம் 'போய்ட்டு வா'ன்னு சொல்லுங்க. அந்தச் சத்தத்தக் காதுல வாங்கிட்டுப் போயிடறேன்."

ஊர் மொத்தமும். சேர்ந்து. ஒருதரம்.

மைனா சடைச்சியைப் பார்த்தது. சடைச்சி மைனாவைப் பார்த்தாள். ஒரு அலகில் ஓர் ஊர் எப்படிச் சேர்ந்து கத்தும்? வெளியே வரியன் காத்திருந்தான். கொஞ்ச நேரம் போனதும், "ஏங்க?" என்றான். குரலில் தேன் சற்றுக் குறைந்திருந்தது. மதில்மேல் ஒரு பாதத்தை வைத்தான்.

"க்ர்ர்ஹும்!" என்றது மைனா, இருந்த தைரியம் எல்லாவற்றையும் அந்தச் சளியில் சேர்த்து. "சேந்து கத்தறதா? சந்தைக் கூட்டமா நாங்க? இந்த ஊர்ல வழியனுப்பறதுன்னா ஒவ்வொருத்தரா வந்து அனுப்புவோம். அதுதான் மரியாதை. காலை எடு!"

வரியன் பாதத்தை வெடுக்கென்று எடுத்தான். வெட்கத்தில் மீசை தொங்கியது.

மைனா ஒவ்வொருவராக வழியனுப்பியது. மூப்பன் சொன்னார். கொல்லன் மூக்கால் சொன்னான். நல்லக்காள், "போய்ட்டு வா தம்பி, காலுல முள்ளு பாத்துப் போ," என்றாள். கொம்பையன், பால்காரி, பானை செய்கிறவன், அவன் மாமியார், திக்குவாயன் ஒருத்தன், ஆடு, நாய். வரியன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தலை வணங்கினான். ஆட்டுக்கும் வணங்கினான்.

வரும்போது மூங்கில் புதரில் பதுங்கி வந்தவன், போகும்போது ஊர்ப்பாதையின் நட்டநடுவே விருந்தாளியாக நடந்தான். மைனா மதில்மேல் தொப்பென்று விழுந்து, அலகைப் பிளந்து மூச்சு வாங்கியது.

பாதி மலை இறங்கியதும் கீழேயிருந்து பெரிய இரைச்சல். வரியன் ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கினான். வளைவில் ஒரு கூட்டம் கல்செக்கை இழுத்துக்கொண்டு வந்தது.

"ஐலசா! இழு, இழு... டேய் இடப்பக்கம்... என் காலு, என் காலு! கயிறு அறுந்தா நீதான்... எவண்டா அது குறுக்க... ஐலசா!"

எல்லாம் ஒரே நேரத்தில். எது யார் பேச்சு என்றே தெரியவில்லை. வரியன் முகம் சுளித்தான். 'எந்தக் காட்டுக் கூட்டமோ! உச்சிக்குடிக்குப் போய்க் கத்துக்கணும் இவங்க எல்லாம்.'

"உலக்கையத் தொலைச்ச மாதிரி என்னையும் தொலைச்சிருப்ப!" என்று ஒருத்தி கத்த, அவள் முடிக்குமுன்னே, "உலக்கை உன் தங்கச்சிகிட்ட இருக்குடி!" என்று ஒருத்தன் கத்த, இரண்டின்மேலும் ஒருத்தன், "ரெண்டு பேரும் கயித்தப் புடிங்க!" என்று மூக்காலேயே கத்தினான்.

வரியனுக்குக் காது அரித்தது. இந்தம்மாவை எங்கேயோ... இப்போதுதானே மேலே முள்ளுப் பார்த்துப் போகச் சொன்னார்கள்? அக்கா தங்கையாக இருக்குமோ? உலக்கை கிடைத்துவிட்டதே?

"க்ர்ர்ஹும்!" என்றது கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு நெஞ்சு.

வரியன் கீழே பார்த்தான். மேலே பார்த்தான். மதில்மேல் ஒரு கறுப்புப் பறவை அலகைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தது. மறுபடி கீழே பார்த்தான். ஆட்டுக்கு வணங்கியது ஞாபகம் வந்தது. வால் நுனியிலிருந்து மீசை நுனிவரை சூடு ஏறியது.

"ஒரே வாய்!" என்று அலறினான். "அத்தனையும் ஒரே வாய்!" கூட்டம் கயிற்றைப் பிடித்தபடி கல்லாய் நிற்க, ஒரு குதியில் எதிர்ப்பாறைக்குத் தாவினான். அங்கிருந்து மலையே கேட்கக் கத்தினான்: "அடியேய் மைனா! இனிமே எந்த ஊர்ல ஒருத்தர் பேச ஒருத்தர் காத்திருக்காங்களோ, அது காலி ஊர்! நேரா உள்ள வருவேன்!"

அன்றிலிருந்துதான், உச்சிக்குடிக்கு விருந்தாளி யார் போனாலும் சரி, ஊர் மொத்தமும் வாசலிலேயே ஒரே நேரத்தில் பேச ஆரம்பிக்கிறது. எவரும் எவரையும் முடிக்க விடுவதில்லை.