நெருப்புக்கு ஒதுக்கிய பை

குருவும் சீடரும் என்றதும் குருவுக்குத்தான் தலை நரைத்திருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தக் கதையில் நரைத்த தலை சீடருடையது. எழுபது தாண்டிய மனிதர். பெயர் ஓரெஸ்தே காலிமெரி, இத்தாலியில் தோல்பைக் கம்பெனி முதலாளி. பையில் அந்தப் பெயர் இருந்தால் போதும், பாரிஸிலும் டோக்கியோவிலும் பணக்காரப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். குருவின் பெயர் சிஸ்டர் இமெல்தா. சீடரைவிட முப்பது வயது இளையவர். மலைமேல் ஒரு சின்ன மடத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் கன்னியாஸ்திரி.

முதன்முதலில் ஓரெஸ்தே அங்கே வந்தது மடத்துக்குப் புதுக் கூரை போட்டுத் தருகிறேன் என்று சொல்லத்தான். சிஸ்டர் கூரையைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு கூடை வெங்காயத்தை நீட்டி உரிக்கச் சொன்னார். பெரிய முதலாளி, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்து உரித்தார். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை வருவார். அடுப்படியில் ஏதாவது வேலை செய்துகொண்டே மனதில் இருப்பதைக் கேட்டுவிட்டுப் போவார்.

இந்தமுறை மாதம் முடியும் முன்பே வந்துவிட்டார். மத்தியானம்தான், ஆனால் மலை முழுக்க மூடுபனி. டிரைவர் இல்லை, காரை அவரே ஓட்டி வந்திருந்தார். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். போட்ட தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார்.

"யாராவது துரத்துறாங்களா?" என்றார் சிஸ்டர்.

"தெரியல. வழி பூரா பின்னாடி ஒரு விளக்கு வந்துகிட்டே இருந்துச்சு."

"பால் வண்டியா இருக்கும். உட்காருங்க."

உட்கார்ந்தார். கொண்டுவந்த துணிமூட்டையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில கோர்ட்டு, சிஸ்டர். நான் சாட்சி சொல்லணும்."

விஷயம் இதுதான். ஓரெஸ்தே பிறந்தது தோல் பதனிடும் ஊர். நாற்றத்திலும் பசியிலும் வளர்ந்தவர். அப்பா பச்சைத் தோல் சுமந்தார். மகன் குதிரைச் சேணம் தைக்கும் கடையில் ஊசி பிடித்தான். கடையில் வெட்டிப்போட்ட துண்டுத் தோல்களைச் சேர்த்து அவர் தைத்த பையை ஒரு சினிமா நடிகை தோளில் மாட்டிக்கொண்டு போனாள். அவ்வளவுதான், ஆள் எங்கேயோ போய்விட்டார். மிலானில் கடை, பாரிஸில் கடை, கப்பலேறிப் போகும் சரக்கு. ஆனால் பட்டினி கிடந்தவனின் பயம் மட்டும் அவரை விட்டு இறங்கவே இல்லை. ஒருநாள் நேப்பிள்ஸ் சந்தையில், மீன் விற்கிற இடத்துக்குப் பக்கத்தில், தன் பை ஒன்று பாதி விலைக்குத் தொங்குவதைப் பார்த்தார். இன்றைக்குப் பாதி விலை என்றால் நாளைக்குக் கால் விலை, அப்புறம் மறுபடியும் அந்த ஊர்தான் என்று தோன்றிற்று. திரும்பி வந்ததும் கம்பெனியில் ஒரு சட்டம் போட்டார். வருடத்துக்குள் விற்காத பை எதுவும் மலிவாக வெளியே போகக் கூடாது. உலை நெருப்புக்குப் போக வேண்டும்.

நாற்பது வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறது. தொழிற்சாலைக்குப் பின்னால், உயர்ந்த மதிலுக்குள், வெளியே ஒரு ஈ காக்கைக்கும் தெரியாமல். எல்லாம் புத்தம்புதுப் பைகள், அநியாயம்! அந்த உலை இருக்கும் பக்கம் ஓரெஸ்தே ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

உலையில் பைகளை அள்ளிப் போடுகிறவன் பெயர் நெல்லோ. போன வசந்த காலத்தில் ஒரே ஒரு பையைச் சட்டைக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். அவன் மனைவி பாவம், அதன் விலையை என்ன கண்டாள்? முட்டை வாங்க அதைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனாள். கம்பெனி ஆள் ஒருவர் பார்த்துத் தொலைத்தார். இப்போது நெல்லோ மேல் திருட்டு வழக்கு.

"உங்க வக்கீல் என்ன சொல்றார்?" சிஸ்டர் கேட்டார்.

"விற்க வெச்சிருந்த சரக்குன்னு சொல்லச் சொல்றார். என் மகனும் அதையேதான் சொல்றான். நான் அப்படிச் சொன்னா நெல்லோ உள்ளே போயிடுவான். பிள்ளைகுட்டிக்காரன், சிஸ்டர்."

"அது சரக்கு இல்லையா?"

"உலைக்கு ஒதுக்கினது. எங்க கணக்குல குப்பை. அதைச் சொன்னா அவன் பிழைச்சுக்குவான். ஆனா புதுப் பையைக் கொளுத்துறோம்னு உலகத்துக்கே தெரிஞ்சுடும். கடைக் கண்ணாடியில கல்லெறிவாங்க. என் பேரு நாறிப்போயிடும். எல்லாம் போயிடும்."

"எல்லாம்னா?"

"எல்லாம்தான்!" கத்திவிட்டார். கத்தியதும் தன் குரலுக்கே பயந்து ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடியில் பனி அப்பியிருந்தது. வெளியே யாரோ நிற்பது போல இருந்தது. எழுந்து போய்த் துடைத்துப் பார்த்தார். துணி காயப்போடும் கம்பம்.

திரும்பி வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "தூங்கி ரொம்ப நாளாச்சு. கண்ணை மூடினா தோல் கருகுற வாசனை. வீட்டுல யாராவது ரொட்டி சுட்டாக்கூட தூக்கிவாரிப் போடுது. இந்த வயசுல இப்படிப் பயந்து சாகறேனேன்னு வெட்கமாவும் இருக்கு. நீங்களே சொல்லிடுங்க. அது சரக்கா, குப்பையா? நீங்க சொல்றதை அப்படியே நாளைக்குச் சொல்லிடறேன்."

சிஸ்டர் அடுப்பில் இருந்த சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். "மடியில என்ன?" என்றார்.

"அதே மாதிரிப் பை. நெல்லோ எடுத்த அன்னைக்கு அதே வண்டியில உலைக்குப் போக இருந்தது. ஜட்ஜுக்குக் காட்டணும்னு வக்கீல் கொடுத்தார்."

சிஸ்டர் குனிந்து அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்தார். "விறகெல்லாம் ஈரம். சூப் கொதிச்சுத் தொலைய மாட்டேங்குது. குப்பைன்னா இதுல போடுங்க."

"விளையாடாதீங்க, சிஸ்டர்."

"நான் எங்கே விளையாடறேன்? நாற்பது வருஷமா நடக்கிறதுதானே."

"நான் போட்டதில்ல. என் கையால ஒண்ணுகூடப் போட்டதில்ல."

"அப்ப இதைப் போடுங்க."

ஓரெஸ்தே துணியைப் பிரித்தார். பழுப்பு நிறம், இரண்டு கைப்பிடி, இன்னும் ஒரு விரல்கூடப் படாத பளபளப்பு. ஒருவேளை இதுவே நல்ல வழியோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது. சட்டென்று எரிந்து முடிந்துவிட்டால் குப்பைதான். குப்பை என்று பயமில்லாமல் சொல்லிவிடலாம். நெல்லோ வீட்டுக்குப் போய்விடுவான். கண்ணை இறுக மூடிக்கொண்டு பையை உள்ளே போட்டார்.

நல்ல தோல் உடனே பற்றிவிடாது. கொஞ்ச நேரம் ஒன்றுமே ஆகவில்லை. அப்புறம் ஒரு கைப்பிடி மெல்லச் சுருண்டது. ஓரத் தையல் ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தது. அந்தத் தையல் சேணக் கடையில் அவர் கற்றது. தன் ஆட்களுக்கு அவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது. புகை வந்தது. கூடவே அந்த வாசனையும் வந்தது.

அடுத்து என்ன செய்தார் என்று அவருக்கே தெரியாது.

"ஐயையோ! கையை எடுங்க!" சிஸ்டர் அலறினார். "கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு?"

பை தரையில் கிடந்தது. ஓரெஸ்தே தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டு அடித்து அடித்து நெருப்பை அணைத்தார். அணைந்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, பாதி கருகிய பையை மார்போடு பிடித்துக்கொண்டு விம்மினார். வலதுகை மணிக்கட்டு வரை வெந்துபோயிருந்தது.

இப்படிச் செய்வார் என்று சிஸ்டரும் எதிர்பார்க்கவில்லை. வாளித் தண்ணீரை இழுத்துவந்து அந்தக் கையை அதில் வெகுநேரம் அமுக்கிப் பிடித்தார். "இடுக்கி பக்கத்துலேயே இருக்கு. அதை எடுக்கக் கூடாதா? வெறுங்கையையா விடுவாங்க?" என்று திட்டிக்கொண்டே ஒரு சுத்தமான துணியை நீளமாகக் கிழித்தார்.

கட்டுப் போட ஆரம்பித்த பிறகுதான் கேட்டார்.

"ஏன் எடுத்தீங்க?"

"தெரியல."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க எங்கே நேரம்? எரியுதே! நல்ல பை, சிஸ்டர். கண்ணு முன்னாடி எரியுது. எப்படிப் பார்த்துக்கிட்டு நிற்கிறது?"

சிஸ்டர் துணியைச் சுற்றினார்.

கோட்டுப் பைக்குள் போன் அடித்தது. இடதுகையால் எடுத்துப் பார்த்தார். மகன். அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உடனே மறுபடி அடித்தது. இந்தமுறை வக்கீல். போனைத் தரையில் கவிழ்த்து வைத்தார். அது தரையில் கிர்ரென்று அதிர்ந்துகொண்டே இருந்தது.

"இன்னும் நீங்க பதில் சொல்லல," என்றார். "நாளைக்கு நான் அங்கே போய் நின்னா பேச்சே வராது. வர்றப்போ இருந்ததைவிட இப்போ அதிகமா பயமா இருக்கு."

"இருக்கட்டும்." சிஸ்டர் கடைசி முடிச்சைப் போட்டு இழுத்துப் பார்த்தார். "கைக்கட்டு மட்டும் அவிழாம பார்த்துக்குங்க. கைக்கு என்ன ஆச்சுன்னு ஜட்ஜ் கேட்பார். நெருப்புலேருந்து ஏன் எடுத்தீங்கன்னு எங்கிட்ட சொன்னதையே அவர்கிட்டயும் சொல்லுங்க."