சங்கிலிக்குக் காவல் போன அண்ணன்மார்

ஒத்தப்பனைக்குளத்தில் நெல் விளையும், உளுந்து விளையும்; மூளைதான் கொஞ்சம் மகசூல் கம்மி. அந்த ஊரில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவன் ஆவுடையப்பன், நடுவுள்ளவன் மூக்காண்டி, சின்னவன் சுடலைமுத்து. அவர்களுக்கு ஒரே தங்கச்சி, பூரணம். அவளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். செத்துப்போன அம்மாவின் நகையை உருக்கி, டவுன் ஆசாரியிடம் ஐந்து பவுனில் சங்கிலி செய்யக் கொடுத்திருந்தார்கள்.

அதை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் பாடு. குளத்துச் சாலையில் ஒரு வழிப்பறிக்காரன் ஒரு மாதமாக உலாத்திக்கொண்டிருந்தான்.

"அம்மா நெனப்பா எனக்கிருக்கது அது ஒண்ணுதான்ணே" என்று பூரணம் அழுதாள். அண்ணன்மாருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மூவரும் டவுனில் கோமதி டீச்சரின் தற்காப்பு வகுப்பில் சேர்ந்தார்கள்.

முதல் நாளே டீச்சர் விதிகளைச் சொல்லிவிட்டார். நகம் வெட்டிவிட்டு வரணும். நகை போட்டிருந்தால் கழட்டி, அன்றைக்குச் சண்டை பழகாத ஆளிடம் கொடுத்துவைக்கணும். எதிராளிக்கு வணக்கம் சொல்லி, தயாரா என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்கணும். வலித்தால் தரையில் ரெண்டு தட்டுத் தட்டணும். தட்டினால் உடனே விட்டுவிடணும். தாமதமாக வந்தால் கூப்பிடும்வரை வாசலில் நிற்கணும்.

மறுநாள் ஐந்து நிமிஷம் பிந்தினார்கள். டீச்சர் கூப்பிட மறந்துவிட்டார். வகுப்பு முடிந்து, கதவைப் பூட்டி, டீச்சர் வீட்டுக்கே போய்விட்டார். அதற்கு அடுத்த நாள் வந்து திறந்தபோது மூவரும் அதே இடத்தில், அதே வரிசையில் நின்றார்கள்.

அப்புறம் பழக்கம் ஆரம்பித்தது. மூக்காண்டி வணங்கி, "தயாரா?" என்று கேட்பான்.

"இல்ல" என்பான் சுடலைமுத்து. அவனுக்கு அடி என்றால் பயம்.

"சரி, இருக்கேன்" என்று மூக்காண்டி காத்திருப்பான்.

இப்படியே மாதம் முடிந்தது. ஒரு அடி விழவில்லை. இவ்வளவு ஒழுக்கமான மாணவர்களைப் பார்த்ததே இல்லை என்று டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னார். மூவருக்கும் பெருமை தாங்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், சங்கிலியை ஆவுடையப்பன் கழுத்தில் மாட்டிக்கொண்டு குளத்துச் சாலையில் நடந்தார்கள். புளியமரத்துக்குப் பின்னாலிருந்து வழிப்பறிக்காரன் அரிவாளோடு குதித்தான்.

"ஏல, சங்கிலியக் கழட்டு!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்தியால?" என்றான் ஆவுடையப்பன் மெதுவாக. "டீச்சர் சொன்னதையே சொல்லுதான். முறை தெரிஞ்ச ஆளு."

"கழட்டி யாருட்டண்ணே குடுக்க? மூணு பேருமே சண்டை போடணுமே" என்றான் சுடலைமுத்து.

மூக்காண்டி வழிப்பறிக்காரனைப் பார்த்தான். "அண்ணாச்சி, நீங்க இன்னைக்குச் சண்டை பழகுதீயளா?"

அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். "இல்லப்பா. சும்மா பாக்கத்தான் வந்தேன்."

அப்பாடா என்றிருந்தது மூவருக்கும். சங்கிலியைக் கொடுத்தார்கள். அவன் நகத்தையும் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை வெட்டிட்டு வாங்க" என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

"சரிண்ணே, இப்ப யாரோட சண்டை?" என்றான் சுடலைமுத்து.

"நமக்குள்ளதான்" என்றான் ஆவுடையப்பன். மூவரும் குனிந்து வணங்கினார்கள். "தயாரா?" "இல்ல." "சரி, இருக்கேன்." நிமிர்ந்து பார்த்தால் சாலையில் ஒரு ஈ காக்காய் இல்லை.

வீட்டு வாசலில் பூரணம் காத்திருந்தாள். "சங்கிலி எங்கண்ணே?"

"கவலப்படாத தாயி. ஒரு கீறல் விழாம பத்திரமா ஒருத்தர்ட்ட குடுத்திருக்கோம். பேரு கேக்க விட்டுப்போச்சு."

பூரணம் அழவில்லை. மூலையில் கிடந்த தென்னம் விளக்குமாற்றை எடுத்தாள். முதல் வீச்சிலேயே மூவரும் தரையில் ரெண்டு தட்டுத் தட்டினார்கள். அவள் விடவில்லை. மறுபடி தட்டினார்கள். நாசமாப் போறவனுகளா என்று இன்னும் ஓங்கி அடி விழுந்தது.

"வணக்கம் சொல்லல, தயாரான்னு கேக்கல" என்று முனகினான் மூக்காண்டி.

"அத விடுல, கையப் பாரு" என்றான் ஆவுடையப்பன். அடி வாங்கிக்கொண்டே வலது கையை அன்பாக நீட்டினான். "தாயி, வளையலக் கழட்டிக் குடுத்துட்டு அடி. வாங்கி வைக்க ஒரு ஆளு தெரியும் எங்களுக்கு."