ஐப்பசியில் இறங்கிய பந்து

நாலு மணிக்குத் தேர்தல். டென்னிஸ் சங்கத் தலைவர் நாற்காலிக்கு இதுவரை என்னை எதிர்த்து யாரும் நின்றதில்லை. இந்த வருஷம் கோச் ஜெசிந்தா நிற்கிறாள். எனக்கு அதிகம் பேசப் பிடிக்காது. இருந்தாலும் நான் யாரென்று உறுப்பினர்களுக்குத் தெரிய வேண்டாமா? எழுந்தேன்.

"எழுபத்தொண்ணுல பைனல். எதிர்ல தூத்துக்குடி கார்வாலோ. சித்திரை மாசம் ஒரு பந்தை மேல தூக்கி அடிச்சேன். ஐப்பசியிலதான் கீழ வந்தது. மழையோட."

"அதுவரைக்கும்?" என்றார் வக்கீல் தாணுலிங்கம். தேர்தலை நடத்துகிறவர் அவர்.

"ஆட்டம் முடியலைல்லா. அம்பயர் அந்த உசந்த நாற்காலியை விட்டு இறங்கலை. அவர் மக கல்யாணம் நாற்காலிக்கு அடியிலதான் நடந்தது. மேல இருந்தே அட்சதை போட்டார்."

"கார்வாலோ?"

"பேங்க்காரன். நடுவுல திண்டுக்கல்லுக்கு மாத்திட்டாங்க. பந்து அவன் பக்கம் விழுந்தப்போ எடுக்க ஆளில்லை. கோப்பை எனக்கு."

பின்வரிசையில் சிரிப்பு. சிரிக்கட்டும். நிர்வாகத்துக்கு வந்தேன்.

"நான் தலைவரானதும் மாநிலப் போட்டி. மேகம் திரண்டு வந்தது. லெட்டர்பேட்ல ரெண்டு வரி எழுதி, சீல் வெச்சு, மேல காட்டினேன். மூணு நாள் கேட்டுக்கு வெளியவே நின்னது."

"எந்த மொழியில எழுதினீக, அண்ணாச்சி?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"இங்கிலீஷ்லதான். மேகம் வெளியூர்."

மூச்சு விட இடம் கொடுக்கவில்லை.

"மைதானத்துல கோடு போட ஒருத்தனை விட்டேன். நேராப் போடுன்னேன். நேராவே போனான். பதினாலு மாசம் கழிச்சு சுண்ணாம்பு டப்பாவோட பின் கேட் வழியா வந்து சேர்ந்தான். பூமியைச் சுத்திட்டான்."

"கடல்ல?"

"கடல்லயும்தான். அலை அழிச்ச இடத்துல ரெண்டாம் கோட்டிங். இன்னிக்கு எந்த நாட்டுல எவன் ஆடினாலும் நம்ம கோட்டுலதான் ஆடுறான். இப்படி ஒரு தலைவரை மாத்தணுமா?"

ஜெசிந்தா எழுந்தாள். "ஐயா, ஒரு கேம் முடிஞ்சா சர்வீஸ் அடுத்த ஆளுக்கு. நீங்க இருபத்திரண்டு வருஷமா பந்தைக் கையிலேயே வெச்சிருக்கீங்க."

அவளுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் கை தூக்கலாம் என்றார் வக்கீல். அறை முழுக்கக் கை.

விட்டுவிடுவேனா? சர்வீஸ் வலையை உரசினால் 'லெட்'. மறுபடி போட வேண்டும். அது விதி.

"லெட்," என்றேன். "ஃபேன் காத்துல கையெல்லாம் தானா மேல போயிட்டு. மறுபடி எடுங்க."

மறுபடி எடுத்தார்கள். பக்கத்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த பூதலிங்கம், என் நாற்பது வருஷ டபுள்ஸ் கூட்டாளி, சத்தத்தில் விழித்து அவனும் கையைத் தூக்கினான்.

"எதுக்குன்னு தெரியுமால?" என்றேன்.

"தெரியும். ரெண்டு கையும் தூக்கலாமா?"